பிளக் இருக்கற மேஜை

இந்தச் சேர்ல ஆளு வருதுங்களா தம்பி? இல்லீங்களா? அப்பச் சரி, நான் உக்காந்துக்கறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் பொட்டாட்ட இருந்துக்கறேன். எனக்கு வாசல் தெரியோணும், அவ்வளவுதான். வாசலப் பாத்தாப்பல உக்காந்தே பழகிப்போச்சு.

இவ்வளவு நேரம் அந்தத் தூணோரத்து மேஜையிலதான் இருந்தேன். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க, நான் கவனிச்சேன். பத்தரைக்கு வந்தீங்க. ஒரு காப்பி சொன்னீங்க. இப்ப மணி பன்னண்டாகப் போகுது, கப்புல இன்னும் பாதி இருக்குது. ஆறிப்போன காப்பிய எதுக்குங்க மிச்சம் வெக்கறீங்க? எனக்குத் தெரியும். கப்பு காலியாயிட்டா அந்தப் புள்ள வந்து எடுத்துக்கிட்டு, வேற என்ன வேணும்னு கேக்கும். பாதி இருந்தாக் கேக்காது. அதுதான் உங்க டிக்கெட்டு. தப்புன்னு சொல்லலீங்க. எங்க மாப்ளயும் அப்படித்தான் பண்ணுவாரு.

நான் யாருன்னு சொல்லாமப் பேசிக்கிட்டே இருக்கறேன் பாருங்க. அவிநாசியப்பன். கவருமெண்டு பஸ்ல பதினெட்டு வருசம் கண்டக்டரு, அப்பறம் பதிமூணு வருசம் செக்கிங் இன்ஸ்பெக்டரு. நடுவழியில கைய நீட்டி பஸ்ஸ நிறுத்தி, ஒருத்தன் முன்னாடி ஒருத்தன் பின்னாடி ஏறுவோம். டிக்கெட் வாங்காதவன மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்கலாம்னு எல்லாரும் நெனைக்கறாங்க. மூஞ்சியில ஒண்ணுந் தெரியாதுங்க, அதப் பழக்கி வெச்சிருப்பான். காலப் பாக்கோணும். சீட்டுக்கு வெளிய ஒரு கால் மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும், எறங்கி ஓடறதுக்கு ரெடியா. உங்க காலும் இப்ப அப்படித்தான் இருக்குது. சும்மா சொன்னேன், உக்காருங்க.

அத ஏன் காதுல மாட்டறீங்க? மாட்டிக்குங்க, மாட்டிக்குங்க. அதுல பாட்டு எதும் ஓடலைன்னு எனக்குத் தெரியும். பாட்டு ஓடுனா ஆளு கொஞ்சமாவது தலைய ஆட்டும். எங்க மாப்ள ஊட்ல அத மாட்டிக்கிட்டு கல்லாட்ட உக்காந்திருப்பாரு. நான் பின்னால இருந்து மெதுவா, "மாப்ள, தயிர் தீந்துபோச்சு"ன்னு சொல்லிப் பாப்பேன். "வாங்கிட்டு வர்றனுங்க மாமா"ன்னு டக்குனு பதில் வரும். அப்பறம் எதுக்குங்க அது காதுல?

விசயத்துக்கு வர்றேன். எங்க மாப்ளைக்கு வேலை இருக்குதா இல்லையா. அதுதான் விசயம். மூணு மாசமா என்ற தலைக்குள்ள அது ஒண்ணுதான் ஓடுச்சு. நீங்களும் கம்ப்யூட்டர் ஆளு, உங்ககிட்டச் சொன்னாப் புரியும்.

என்ற சம்சாரம் போன வருசம் சித்திரையில தவறிப்போச்சு. நான் தாராபுரத்துல வாடகை ஊட்ல தனியா இருந்தேன். என்ற பொண்ணு கோகிலவாணி வந்து, "கெளம்புங்கப்பா, இங்க தனியா வெச்சுட்டு எனக்கு அங்க வெசனமா இருக்குது"ன்னு ஒரே பிடியா நின்னுச்சு. மாப்ள நவநீதனும் கூட வந்திருந்தாரு. அவருதான் சாமானெல்லாம் வண்டியில ஏத்துனாரு, ஊட்டு சாவியக் கொண்டுபோயி ஓனர்கிட்டக் குடுத்துட்டு வந்தாரு. தங்கமான மனுசன். அத நான் இல்லைன்னு சொல்லவே மாட்டேன். தங்கமான மனுசனச் சந்தேகப்படறதுதான் கஷ்டம், பாத்துக்குங்க.

அவுங்க ஊடு சரவணம்பட்டியில, மூணாவது மாடி. ரெண்டே ரூம்பு. சின்ன ரூம்புல மாப்ளயோட மேஜை, கம்ப்யூட்டர் எல்லாம் கெடந்துச்சு. அவருக்குக் கொரோனாக் காலத்துலருந்தே ஊட்ல இருந்துதான் வேலை. ஆபீசு பெங்களூர்ல இருக்குதுன்னு சொல்லுவாரு, நான் பாத்ததில்ல. நான் வந்ததும் அந்த மேஜையத் தூக்கி ஹால்ல போட்டுட்டு, அந்த ரூம்புல எனக்குக் கட்டில் போட்டுக் குடுத்தாங்க. நானும் சரின்னு இருந்துக்கிட்டேன். எனக்கென்ன, ரூம்புல படுக்கறது மட்டுந்தான். பகலெல்லாம் ஹால்லதான் இருப்பேன். வாணி ஸ்கூல் டீச்சரு, எட்டு மணிக்கெல்லாம் கெளம்பிரும். பாவம், மாப்ள தனியா இருக்கறாரேன்னு அவரு பக்கத்துலயே சேரப் போட்டு உக்காந்துக்குவேன். டிவிகூடச் சத்தம் கம்மியாத்தான் வெப்பேன். ஏதாவது பேசிக்கிட்டு இருப்பேன். இதென்னங்க மாப்ள, அதென்னங்க மாப்ள, அந்தச் செவப்புக் கோடு எதுக்குன்னு கேப்பேன். பொறுமையா பதில் சொல்லுவாரு.

ஒரு நாள் கம்ப்யூட்டர்ல மீட்டிங்கு. அந்தப் பக்கம் ஒருத்தன் இங்கிலீஷ்ல சத்தம் போடறான். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, ஆனா அதட்டறது எந்த பாஷையில அதட்டுனாலும் தெரியுமில்லீங்களா. மாப்ள எஸ், எஸ்னு தலைய ஆட்டிக்கிட்டு இருக்கறாரு. எனக்குப் பொறுக்கல. குளிச்ச துண்டோட போயி அந்தக் கேமராவுக்கு முன்னால குனிஞ்சு, "ஏனுங்க, கொஞ்சம் மருவாதியாப் பேசுங்க. எங்கூட்டு மாப்ள அவரு"ன்னு சொன்னேன். அதட்டுன ஆளு அப்படியே அடங்கிட்டான். சின்னச் சின்னக் கட்டத்துல பன்னண்டு பேரு இருந்தாங்க. மாப்ள அந்தப் பொட்டிய மூடிட்டு என்னையப் பாத்து, "பரவால்லீங்க மாமா"ன்னு மட்டும் சொன்னாரு.

அடுத்த திங்கக்கெழமை காலைல ஒம்பது மணிக்கு மாப்ள பேக்கத் தோள்ல போட்டுக்கிட்டு வண்டிச் சாவிய எடுக்கறாரு. எங்கீங்க மாப்ளன்னு கேட்டேன். "ஊட்ல நெட்டு சரியில்லீங்க மாமா. காப்பிக் கடையில உக்காந்து வேலை பாத்துக்கறேன், அங்க நெட்டு நல்லா வரும்"னு சொன்னாரு. நான் உடனே என்ற போன்ல நெட்டப் பாத்தேன். கெணறு வெட்டற வீடியோ ஒரு மணி நேரம் ஓடுது, ஒரு எடத்துலகூட நிக்கல. அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. மனுசன் பொய் சொல்றாரு. ஏன் சொல்றாரு? அன்னைக்கு அதட்டுனானே ஒருத்தன், அவன் வேலைய விட்டுத் தூக்கிட்டான். பொண்டாட்டிகிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, வேலைக்குப் போறாப்பல பேக்க மாட்டிக்கிட்டுக் கெளம்பறாரு. அப்படிப் பண்ற ஆளுக எத்தனையோ பேரப் பஸ்ல பாத்திருக்கறேன். ஆபீஸ் பையோட ஏறுவாங்க, கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு அதே பஸ்ல திரும்பி வருவாங்க.

அப்பறம் செக்கிங்க ஆரம்பிச்சேன். துணி தொவைக்கப் போடறப்ப மாப்ள பேண்டு பாக்கெட்டப் பாத்தா பில்லு இருக்குது. கடை பேரு, தேதி, மணி எல்லாம் அதுல அடிச்சிருக்குது. பத்து பன்னண்டுக்கு ஒரு காப்பி. ஒண்ணே முக்காலுக்கு ஒரு ரொட்டி. அத ஒரு நோட்டுல குறிச்சு வெச்சேன். கண்டக்டரோட வே பில்ல வாங்கிப் பாத்தா எந்த ஸ்டாப்புல எத்தன பேரு ஏறுனாங்கன்னு தெரியற மாதிரி, இதுல எனக்கு மாப்ளயோட நாளு முச்சூடும் தெரிஞ்சுச்சு.

மொதக் கடை சரவணம்பட்டியிலயேதான். சொல்லாமக் கொள்ளாமப் பத்தே காலுக்கு உள்ள ஏறுனேன். மாப்ள என்னையப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. "என்னங்க மாமா, இங்க?"ங்கறாரு. "தனியா உக்காந்திருப்பீங்களேன்னு வந்தேன் மாப்ள, நீங்க வேலையப் பாருங்க"ன்னு பக்கத்துலயே உக்காந்தேன். ரெண்டு மணி நேரம் இருந்தேன் தம்பி. அந்த ரெண்டு மணி நேரமும் அவரு ஒரு வேலையும் செய்யல. நான் பேசறதையே கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நெசமாவே வேலை இருக்கறவன் ரெண்டு மணி நேரம் அப்படிச் சும்மா உக்காந்திருப்பானுங்களா? நீங்களே சொல்லுங்க.

அடுத்த நாள் பில்லு வேற கடை. கணபதியில. நான் அங்க போனேன். அதுக்கடுத்த நாளு காந்திபுரம். நான் போனேன். அப்பறம் ஆர்.எஸ்.புரம், அப்பறம் ரேஸ்கோர்ஸ். நான் ஒரு கடையில கால் வெச்சா மறுநாள் அவரு அந்தக் கடைக்கு வர்றதே இல்ல. இதுக்கு என்னங்க அர்த்தம்? குத்தமுள்ள நெஞ்சுன்னுதான நெனைப்பீங்க? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஆனா ஒண்ணுங்க, இந்த அலைச்சல்ல காப்பிக் கடையப் பத்தி எனக்கு அத்துப்படி ஆயிப்போச்சு. நீங்க வேணும்னா எழுதி வெச்சுக்குங்க. ஒரு கடைக்குள்ள போனதும் மேல தொங்கற வெளக்கையும் செவுத்துல இருக்கற படத்தையும் பாக்கக் கூடாது. குனிஞ்சு செவுத்தோட அடியில பாக்கோணும், பிளக் எங்க இருக்குதுன்னு. இருந்தாலும் நம்பக் கூடாது, என்ற சார்ஜர மாட்டிப் பாத்துட்டுத்தான் உக்காருவேன். பாதிக் கடையில பிளக்கு இருக்கும், கரண்டு வராது. ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுன்னு அவங்களே புடுங்கி விட்டிருப்பாங்க. சேரு மெத்தையா இருந்தாச் சந்தேகப்படுங்க, மேஜை தாழ்வா இருக்கும், முதுகு போயிரும். காப்பி கொண்டுவந்து வெக்கறப்பவே பில்லையும் சேத்து வெச்சாங்கன்னா, எந்திரிச்சுப் போன்னு அர்த்தம். நெட்டு எங்க வருதுன்னு யாரையும் கேக்க வேண்டாம். பொட்டி வெச்சிருக்கறவங்க எந்த மூலையில கும்பலா இருக்கறாங்கன்னு பாருங்க, அந்த மூலைதான். இந்தக் கடை அதுல ஒண்ணாம் நம்பரு. பாட்டும் காதக் கிழிக்கல. ஆனா இந்த வரிசையில நாலு பிளக்குல ஒண்ணே ஒண்ணுதான் வேலை செய்யுது, இந்த மேஜையோடது. உங்களுக்குத் தெரிஞ்சுதான் இங்க உக்காந்தீங்களா, இல்ல தானா அமைஞ்சுதுங்களா? சரி, அத விடுங்க.

கணபதிக் கடையில சண்டையே ஆயிப்போச்சு. பிளக்கு மேல காயிதத்த ஒட்டி வெச்சிருந்தான். மாப்ளைக்குச் சார்ஜ் தீரப் போகுது. நான் போயி மேனேஜரப் புடிச்சு, "காசு வாங்கறீங்கல்ல, கரண்டு குடுக்க மாட்டீங்களா"ன்னு நல்லாக் கேட்டேன். கடையில இருந்த அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. மாப்ள எனக்கு முன்னாலயே பேக்க எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு. தைரியம் பத்தாதுங்க அவருக்கு.

காந்திபுரத்துல மாடிப்படியில நின்னு எட்டிப் பாத்தேன். கம்ப்யூட்டருக்குள்ள அஞ்சாறு பேரு, இவரு என்னமோ சொல்லிச் சிரிக்கறாரு. வேலை நேரத்துல சிரிக்கறவன நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கறீங்களா? முப்பத்தொரு வருசத்துல நான் டூட்டியில சிரிச்சதே இல்ல.

அன்னைக்குச் சாயங்காலம் வாணியத் தனியாக் கூப்புட்டுச் சொல்லிட்டேன். "கண்ணு, உன்ற ஊட்டுக்காரருக்கு வேலை போயிருச்சு. உங்கிட்ட மறைக்கறாரு." அது என்னைய ஒரு மாதிரியாப் பாத்துச்சு. "அப்பா, அவருக்கு இப்பத்தான் புரமோஷனே வந்திருக்குது. அவருக்குக் கீழ ஒம்பது பேரு"ன்னு சொல்லுச்சு. காயிதம் காட்டுன்னு கேட்டேன். "எல்லாத்துக்கும் காயிதம் கேப்பீங்களாப்பா?"ன்னு உள்ள போயிருச்சு. பாருங்க, காயிதம் காட்டல.

ஓசூர்ல மூத்த பையன் இருக்கறான். அவனுக்குப் போனப் போட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவன் சொன்னது ஒண்ணுதான். "மாப்ளைக்கு வேலை போயிருந்தா உங்கள அங்க எப்படிங்கப்பா வெச்சுப் பாப்பாங்க? இங்க எங்க ஊட்லயும் எடம் இல்லீங்க." நான் மாப்ளயப் பத்தி கவலப்பட்டு போன் பண்ணா, அவன் என்னையப் பத்திச் சொல்றான். போன வெச்சுட்டேன். தாராபுரத்து ஊட்டுச் சாவியத்தான் குடுத்துட்டமே. அன்னைக்கு வரைக்கும் பொண்ணுக்காகப் பாத்தேன். அதுக்கப்பறம் எனக்காகவும் பாத்தேன். அதுல வெக்கப்பட என்ன இருக்குது.

இல்ல கண்ணு, எனக்கு ஒண்ணும் வேண்டாம். கப்புல இன்னும் பாதி இருக்குது பாரு, அந்தத் தூணு மேஜை மேலயே வெச்சுட்டு வந்துட்டேன். எடுத்துராத.

எங்க விட்டேன்? ஆங், பில்லு. ஒரு மாசத்துக்கு முன்னால திடீர்னு பில்லு நின்னுபோச்சு. ஒரு நாளு, ரெண்டு நாளு, பன்னண்டு நாளு. பாக்கெட்ல ஒரு துண்டுச் சீட்டு இல்ல. ஆனா தெனமும் ஒம்பதுக்குக் கெளம்பறாரு. "இன்னைக்கு எந்தப் பக்கம்ங்க மாப்ள?"ன்னு கேட்டா, முன்னெல்லாம் மென்னு முழுங்குவாரு, இப்ப டாண்ணு பதில் வருது. "சிங்காநல்லூர் பக்கம்ங்க மாமா." "துடியலூருங்க மாமா." நான் ஒம்பதரை பஸ்ஸப் புடிச்சு அங்க போயி, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கடையா ஏறி எறங்குனா, ஆளக் காணோம். சாயங்காலம் கேட்டா, "உள்பக்கம் இருந்தனுங்க மாமா"ங்கறாரு. பில்லு இல்லைன்னா ஆளு அங்க ஏறவே இல்லைன்னு அர்த்தம். அப்ப எங்க போறாரு? எனக்கு ராத்திரித் தூக்கமே போச்சுங்க.

இதுல இன்னொரு கூத்து. ஒரு நாள் சாயங்காலம் வந்து படுத்தா, என்ற கட்டிலு செவுத்த விட்டு ஒரு சாண் தள்ளியிருக்குது. யாரோ என்ற ரூம்புக்குள்ள வர்றாங்கன்னு வாணிகிட்டச் சொன்னேன். "கூட்டறப்ப நகத்தியிருப்பேன்ப்பா"ங்குது. காலைல நான் ஊட்லதான இருக்கறேன், எப்பக் கூட்டுச்சு? ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, கட்டில் கால் நாலும் நிக்கற எடத்துல தரையில சாக்பீஸ் கோடு. இது என்னம்மான்னு கேட்டேன். "எறும்பு வருதுப்பா, அதுக்குப் போட்டேன்." மூணாவது மாடியில எறும்பு எங்கிருந்துங்க வரும்? வந்தாலும் காலச் சுத்தி வட்டமாப் போடோணும். இது மூலைக்கு மூலை கோடு மட்டும். பெத்த பொண்ணே எங்கிட்டப் பொய் சொல்லுதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. என்ற துணிப் பொட்டியில சம்சாரத்தோட தோடு ஒண்ணு இருந்துச்சு, திருடு போயிருமோன்னு அத எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டுத் திரிஞ்சேன். பெத்த பொண்ணு ஊட்ல அப்படித் திரிஞ்சேன், சொன்னா வெக்கக்கேடு.

போன செவ்வாக்கெழமை. மாப்ள "வடவள்ளிங்க மாமா"ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. நானும் கெளம்பி காந்திபுரம் வந்து, வடவள்ளி பஸ்ல ஏறப்போறப்பத்தான் பிரஷர் மாத்திரை போடலைன்னு ஞாபகம் வந்துச்சு. அது போடலைன்னா எனக்குத் தலை சுத்தும். சரின்னு திரும்பிப் போனேன். எங்கிட்ட ஒரு சாவி இருக்குது. கீழ பாத்தா மாப்ள வண்டி நிக்குது. சந்தேகமே இல்ல, இன்னைக்குக் கையுங்களவுமாப் புடிச்சுட்டோம்னு நெனச்சேன். செருப்பக் கையில எடுத்துக்கிட்டேன். சத்தமில்லாமக் கதவத் தொறந்தேன். ஹால்ல மேஜையக் காணோம். என்ற ரூம்புக் கதவு ஒருக்களிச்சு இருக்குது, உள்ள பேச்சுக் குரல் கேக்குது.

எட்டிப் பாத்தேன். என்ற கட்டிலு செவுத்துல சாஞ்சு நிக்குது. படுக்கையச் சுருட்டி ஓரமா வெச்சிருக்குது. சன்னலோரத்துல மேஜை. மாப்ள அதுக்கு முன்னால நின்னுக்கிட்டுப் பேசறாரு. நின்னுக்கிட்டு, கைய ஆட்டி, இங்கிலீஷ்ல, மளமளன்னு. அந்தக் குரல நான் கேட்டதே இல்லீங்க தம்பி. எங்கிட்டப் பேசறப்ப இருக்கற குரலு இல்ல அது. உள்ள இருக்கற ஆளுக எல்லாம் அவரு சொல்லச் சொல்லக் குனிஞ்சு எழுதிக்கறாங்க. எண்ணிப் பாத்தேன், ஒம்பது பேரு. சன்னல் திண்டுல என்ற சம்சாரம் போட்டோ வெச்சிருப்பேன். அது அசையாம அதே எடத்துல இருந்துச்சு. கீழ பாத்தேன். வெறுந்தரையில நாலு சாக்பீஸ் கோடு.

எறும்புக்கு இல்லீங்க அது. நான் வர்றதுக்குள்ள கட்டில அதே எடத்துல, ஒரு விரக்கடை நகராமத் திருப்பிப் போடறதுக்கு. ஒம்பதுக்குக் கெளம்பறாரு. தெரு முக்குல எங்கயோ நிக்கறாரு. நான் ஒம்பதரைக்கு பஸ் ஏறுனதும் திரும்பி வந்து, கட்டிலத் தூக்கி வெச்சுட்டு, மேஜைய இழுத்துப் போட்டு வேலை பாக்கறாரு. நான் வர்ற நேரத்துக்கு முன்னால எல்லாத்தையும் பழையபடி வெச்சுட்டு, மறுபடியும் வெளிய போயி வெளியிருந்து வர்றாப்பல வர்றாரு. பொண்டாட்டி கோடு போட்டுக் குடுக்குது.

மாத்திரை எடுக்கல. செருப்பக் கையில புடிச்சபடியே கீழ எறங்கி வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல உக்காந்தேன். எனக்கு அழுகையா வந்துச்சுங்க தம்பி. யாருகிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டச் சொல்றேன். அந்த மனுசன் என்ற ஒரு கட்டிலுக்காக ஊரெல்லாம் பேக்கத் தூக்கிக்கிட்டு அலஞ்சிருக்கறாரு. நான் அந்த மனுசன் பின்னாலயே போயி டிக்கெட் கேட்டிருக்கறேன். எல்லாம் அந்த ரூம்பு பண்ண வேலைங்க. ரூம்பு ஒண்ணு மட்டும் எச்சா இருந்திருந்தா அவரு பாட்டுக்கு ஊட்லயே இருந்திருப்பாரு, நானும் அவருகூடப் பேசிக்கிட்டு ஹால்லயே இருந்திருப்பேன். ஒரு பிரச்சினையும் இல்ல.

அன்னைக்குச் சாயங்காலம் மாப்ள ஹெல்மெட்டோட உள்ள வந்து, "டிராபிக்குங்க மாமா"ங்கறாரு. "வடவள்ளிக் கடை எப்படிங்க மாப்ள? நானும் அந்தப் பக்கம் வந்தேன், உங்களக் காணோமே"ன்னு கேட்டேன். "மாடியில இருந்தனுங்க மாமா. நல்ல கடை. பிளக்கெல்லாம் இருக்குது"ன்னு சொன்னாரு. இந்தக் கடையத்தான் சொன்னாரு. இதுக்கு மாடியே இல்லைன்னு இன்னைக்குத்தான் வந்து பாத்தேன்.

நான் தெரிஞ்சமாதிரிக் காட்டிக்கல. காட்டிக்கிட்டா அப்பறம் பேச்சு வரும். உக்காந்து பேசுனா, என்னங்க பண்ணலாம்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஓசூருன்னு ஒரு பதில் இருக்குது, இல்லைன்னா முதியோர் ஆசிரமம்னு ஒரு பதில் இருக்குது. அதனால பேச்சே வேண்டாம்னு விட்டுட்டேன். இப்ப அவரு எந்த ஊரு சொல்றாரோ அந்த ஊருக்கு ஒழுங்காப் போயிடறேன். நாலரை மணி வரைக்கும் எங்கயாச்சும் உக்காரோணும். பார்க்குல உக்காந்தா வெயிலு, பஸ் ஸ்டாண்டுல தெரிஞ்ச கண்டக்டருக பாத்துட்டு என்ன ஏதுன்னு கேக்கறாங்க. காப்பிக் கடைதான் தோது. சாயங்காலம் போயி, துடியலூர்ல சேரு சரியில்லீங்க மாப்ள, சிங்காநல்லூர் பரவால்லைன்னு நான் சொல்ல, அவரும் ஆமாங்க மாமான்னு தலையாட்ட, ரெண்டு பேரும் அப்படியே ஓட்டிக்கிட்டு இருக்கறோம். வாணி எனக்கு ஒரு டிபன் டப்பாவுல தயிர்ச்சோறு கட்டிக் குடுக்க ஆரம்பிச்சிருக்குது. எங்க போறேன்னு அது கேக்கறதில்ல. கேக்காததும் எனக்குச் சந்தேகமாத்தான் இருக்குது.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு இருக்கறேன். போகச் சொல்ற எண்ணம் இருந்தா, கட்டில் எந்த எடத்துல நிக்கோணும்னு கோடு எதுக்குங்க போடறாங்க? நீங்களே சொல்லுங்க. எடம் இருக்குதுன்னுதான அர்த்தம். ஆனா சாக்பீஸ் கோடுதான. கூட்டித் தொடச்சாப் போயிரும். அதனால தெனமும் காலைல எந்திரிச்சதும் மொத வேலையாக் குனிஞ்சு பாக்கறேன், நாலும் இருக்குதான்னு. இன்னைக்குக் காலைல வரைக்கும் இருந்துச்சு.

ஏனுங்க தம்பி, பொட்டிய மூடிட்டீங்க? போன் வருதுங்களா? பேசுங்க, பேசுங்க, நான் கேக்க மாட்டேன். அட, எந்திரிக்கறீங்க? அந்த மூலைக்கா? அங்க வேண்டாமுங்க, அந்தப் பிளக்குல கரண்டு வராது, நான் மாட்டிப் பாத்துட்டேன். உங்க பொட்டியில செவப்பு வெளக்கு எரியுது, அங்க போனா அரை மணி நேரத்துல நின்னுபோயிரும். மாப்ளைக்கும் இப்படித்தான் கணபதியில எரிஞ்சுது.

நான் பேசுனது தொந்தரவா இருந்துச்சுங்களா?

பரவால்லைங்கறீங்க. அதேதான். மாப்ளயும் அப்படியேதான் சொல்லுவாரு, அதே மாதிரிச் சிரிச்சுக்கிட்டு. "பரவால்லீங்க மாமா."

...

பேக்க வெய்யுங்க தம்பி. நீங்க போக வேண்டாம். இது உங்க மேஜை, இதுல எனக்கு முன்னால உக்காந்தது நீங்கதான். சார்ஜர மாட்டுங்க, இதுல வரும். எனக்கு அந்தத் தூணோரத்துல ஒரு கப்பு இருக்குது, நான் அங்க போயி உக்காந்துக்கறேன். நாலரை வரைக்கும் இந்தப் பக்கமே வர மாட்டேன்.

வெளிய நீட்டுன அந்தக் கால உள்ள எடுத்து வெச்சுக்குங்க. நான் எந்திரிச்சுட்டேன்.